இறக்கத்துல கீழ போடு

நளீம் நானா ஹட்டன் பஜாரில் கடை வைத்திருப்பவர். போன மாதம் ஒரு வேனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ராமையா அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். வேன் என்றால் வெறும் வேன் இல்லை, வீடு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி எல்லாம் இருக்கிறது. மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். அவர்கள் மூட்டை முடிச்சோடு ஏறிச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது கியர்பெட்டி எண்ணெய் தீய்ந்து நாறுகிறதாம்.

கிளச்சே இல்லாத, கியர் தானாக மாறும் வண்டி. இந்த வித்தை நமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நானா விடவில்லை. "ஓட்டுறவங்களுக்குப் புரியட்டும்னு மூணு பாஷையிலயும் எழுதி ஒட்டியிருக்கேன், பாருங்க" என்று பெருமையாக ஸ்டியரிங் பக்கத்தைக் காட்டினார். தமிழில் 'இறக்கத்தில் கீழ் கியரில் செல்லவும்' என்று இருந்தது. அவ்வளவுதான், நான் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். நானா பயந்துபோய் சோடா உடைத்துக் கொடுத்தார். கிழவனுக்குப் பிரஷர் என்று நினைத்திருப்பார். பிரஷரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. 'கீழ்' என்ற அந்தச் சொல்தான்.

நான் வேலை பார்த்த கராஜில் இப்போது இருப்பவர்கள் பல தடவை என்னை எழுதச் சொல்லிக் கேட்டதுண்டு. நட்டும் போல்ட்டும் கழற்றிய கதையை எவன் படிப்பான் என்று தட்டிக் கழித்துவிடுவேன். அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு தட்டிக் கழிக்க முடியவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு நான் அந்தக் கராஜில் சேர்ந்தேன். சுற்று வட்டாரத் தோட்டங்களின் லொறி, வேன், கார் எல்லாம் எங்களிடம்தான் வரும். முதலில் வண்டிச் சாமான் கழுவினேன், பிறகு நட்டுக் கழற்றும் சாவி எடுத்துக் கொடுத்தேன், பிறகு கியர்பெட்டி மேசை எனக்கென்று ஆனது. எண்ணெய்க்குள் கைவிட்டாலே எந்தப் பல் எது என்று விரல் சொல்லும். வண்டி ஓட்ட மட்டும் நான் பழகவே இல்லை. மேசையில் இருக்கும் பெட்டிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கம்தான் உண்டு. ரோட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதும் இல்லை, எனக்கு யாரும் சொன்னதும் இல்லை.

எங்கள் ஃபோர்மன் சவரிமுத்து ஐயா. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, காதில் பென்சில், கறுப்புச் சப்பாத்து. சிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. வண்டி எந்த வேலைக்கு வந்திருந்தாலும் சரி, ஹோர்ன் அடிக்கவில்லை என்று வந்திருந்தாலும் சரி, அவர் பிரேக் பார்க்காமல் வெளியே விடமாட்டார். அதையும் வேறு யாரையும் பார்க்க விடமாட்டார். டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்காருவார். பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, மிதித்த காலை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் மாதாவுக்கு ஒரு செபம் சொல்லுவார். செபம் முடியுமுன் கால் கொஞ்சம் கீழே இறங்கினாலும் போச்சு, எங்கேயோ எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். வண்டி திரும்பப் பழுது பார்க்கும் குழிக்குப் போகும். அந்த வழக்கத்தைக் கேலி பண்ண ஒருத்தருக்கும் வாய் வராது. ஏனென்றால் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய தம்பி அந்தோணி, தோட்டத்து லொறி டிரைவர். கலகலப்பான மனுஷன், கராஜுக்குள் வந்தால் பாட்டுச் சத்தம் முன்னால் வரும். ஃபெக்டரியில் கழித்துப்போட்ட பழைய மெஷின் இரும்பை ஏற்றிக்கொண்டு வட்டவளைப் பக்கம் இறங்கியவன் பள்ளத்தில் போய்விட்டான். பிரேக் போய்விட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். லொறியை மேலே இழுத்து வந்ததும் ஃபோர்மன் ஐயா தானே பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய் கசியவில்லை, குழாய் வெடிக்கவில்லை, லைனிங் மட்டும் அடுப்புக் கரியாக இருந்தது. "கீழ போடுடான்னு அன்னிக்கிக் காலையிலயும் சொன்னேன். கேக்கல" என்றார். அதற்குப் பிறகு தம்பி பெயரை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை. கல்லறைத் திருநாளுக்கு அவருடைய சம்சாரம் மட்டும்தான் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு போவாள். லொறியோ கராஜுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்க விடமாட்டார்.

பிரேக் பார்த்து முடித்ததும் கேட்டருகில் நின்று ஒவ்வொரு டிரைவருக்கும் அதே வார்த்தையைச் சொல்லுவார்: "எறக்கத்துல கீழ போடு, என்ன?" அவனும் "சரிங்கய்யா" என்று போவான். காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கலைவதுபோல வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகும்போது அந்த வார்த்தையும் கூடவே கேட்கும். நானும் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். இறக்கத்தில் வண்டி ஓடிவிடாமல் இருக்கக் கீழ் கியர், அதாவது இரண்டாம் கியர், ரொம்பச் செங்குத்தென்றால் ஒன்று. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கிய காலத்தில் பொகவந்தலாவைத் தோட்டத்துத் தொரை ஒருவர் ஓய்வுபெறத் தயாரானார். சீமைக்குப் போகுமுன் சம்சாரத்தோடு இலங்கை முழுவதும் சுற்றிப் பார்க்க ஆசை. ஒரு வேனை வாங்கித் தச்சனை வைத்து உள்ளே வீடு கட்டினார். அடேயப்பா, அதைப் பார்க்க வேண்டுமே! பலா மரத்தில் இரண்டு கட்டில், பீங்கான் தொட்டி, இரும்பு அடுப்பு, பெட்டி பெட்டியாகப் புத்தகம், தகரத் தாங்கியில் தண்ணீர். லயத்து ஜனம் அதற்கு 'பங்களா வேன்' என்று பெயர் வைத்துவிட்டது. தேயிலைப் பெட்டி பார்க்கத்தான் பெரிசு, கனம் குறைவு. இது அப்படியில்லை. நின்றாலே பின் டயர் பிதுங்கும்.

அதை ஓட்டக் கருப்பையாவைப் போட்டார்கள். தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன், அமைதியான பையன். பெண்டாட்டியும் பிள்ளைகளும் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில், லயத்துக் காம்பராவில். முதல் பயணம் போய் வந்ததும் வேன் என்னிடம் வந்தது. பெட்டியைத் திறந்தால் எண்ணெய் முழுக்கப் பித்தளைத் தூள். இரண்டாம் கியர்ப் பற்கள் எலி கடித்த சோளம் மாதிரி இருந்தன. கொழும்பிலிருந்து புதுச் சாமான் வரவழைத்துப் போட்டேன். அடுத்த பயணம், மறுபடியும் அதே இரண்டாம் கியர். மூன்றும் நான்கும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, இது மட்டும் நொறுங்குகிறது. என்ன மாயமோ என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

தொரை கராஜுக்கே வந்துவிட்டார். "கருப்பையா கை முரட்டுக் கை. இன்னொரு தரம் ஒடைஞ்சா அவனுக்குப் பத்துச்சீட்டு. லயமும் இல்லை" என்றார். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போய் வீடும் போய்ப் பெண்டு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கருப்பையா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "தொரை, பாரத்தை எறக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். நானே கூடப் போய்ப் பாக்குறேன்" என்று சொன்னேன்.

நல்ல வெயில் அடித்த காலை நேரம். ஃபோர்மன் ஐயா பிரேக் மிதித்து, செபம் சொல்லி, கேட்டில் நின்று வழக்கமான வார்த்தையைச் சொன்னார். கருப்பையாவும் "சரிங்கய்யா" என்றான். வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கும் ரோட்டைப் பிடித்தோம்.

சமதரையில் பையன் பூப்போல ஓட்டினான். முரட்டுக் கையாவது ஒன்றாவது! வண்டி மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தது. பெரிய இறக்கத்தின் தலைப்பில் கருப்பையா கிளச்சை மிதித்து, லீவரை நேராகத் தன் பக்கம் இழுத்தான். இன்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி பறந்தது.

"டேய், என்னடா போட்டே?" என்று கத்தினேன்.

"கீழ போட்டேண்ணே."

"எதுல போட்டே?"

"கீழண்ணே! எறக்கம்ல?"

நான் லீவரைப் பார்த்தேன். நாலில் நிற்கிறது. அடப்பாவி, நாலில்! பின்னால் தட்டுகளும் சட்டிகளும் உருளுகின்றன, அடுப்புக் கதவு அடித்துக்கொள்கிறது, பிரேக் தீயும் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் தேயிலைச் செடிகளுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கருப்பையாவின் கால் பிரேக்கைத் தரைவரை அமுக்கியாகிவிட்டது. ஆனால் அவன் முகத்தில் பதற்றமே இல்லை. "பயப்படாதீங்கண்ணே, இன்னொரு கீழ இருக்கு" என்று சொல்லி, லீவரை இடப்பக்கம் தள்ளிக் கீழே இழுத்தான். கியர்பெட்டி அறுபடும் பன்றிபோல் அலறியது. என் நெற்றி கண்ணாடியில் மோதியது. வண்டி முக்கி முனகி, வேகம் குறைந்து, மலைச் சுவரில் உராய்ந்து நின்றது.

"பாத்தீங்களாண்ணே? கீழ போட்டதும் நின்னுருச்சு. ஃபோர்மன் ஐயா சொன்னா சொன்னதுதான்" என்றான் கருப்பையா.

எனக்கு நெற்றி வலி தெரியவில்லை. லீவரின் குமிழைப் பார்த்தேன். எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் அந்தக் குமிழில் கோடு வெட்டி இலக்கம் போட்டிருக்கும். மேல் வரிசையில் ஒன்றும் மூன்றும், கீழ் வரிசையில் இரண்டும் நான்கும். நளீம் நானாவின் புது வண்டியில் லீவரைக் கீழே இழுத்தால் கீழ் கியர்தான் விழும். எங்கள் வண்டிகளில் மூன்றிலிருந்து கீழே இழுத்தால் நான்கு.

"ஏத்தத்துல என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ஏத்தத்துக்கு மேல, எறக்கத்துக்குக் கீழ. எல்லா டிரைவருக்கும் தெரியுமேண்ணே. நாலுல இழுக்கலேன்னா மேல தள்ளி மூணு. அதுலயும் இழுக்கலேன்னா இந்தப் பக்கம் மேல, ஒண்ணு."

ஐயோ கடவுளே! ஏற்றத்தில் அது சரியாகவே வருகிறது. நாலிலிருந்து மூன்றும் மேலே, ஒன்றும் மேலே. ஒரு நாள்கூடத் தப்பாகப் போயிருக்காது. இறக்கத்திலும் வெறும் வண்டி என்றால் பிரேக் தாங்கிக்கொள்ளும். பாரம் ஏறினால்தான் வினை. பிரேக் தீய்ந்த பிறகு தேடிப் பிடிக்கும் இன்னொரு 'கீழ' இரண்டாம் கியராக இருப்பதால், பல் நொறுங்கினாலும் வண்டி நின்றுவிடுகிறது. ஐயா சொன்னது பலித்தது என்று இவன் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். ஐயா சொன்னது கியர். இவர்கள் கேட்டது கை போகும் திசை.

குமிழைக் காட்டி, விரலை வைத்து, அவனுக்கு விளக்கினேன். அவன் புரிந்துகொண்டதை முகத்தில் பார்த்தேன். சிவப்பு ஏறி, பிறகு வெளிறிப் போனான். பள்ளத்தை எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்ப அந்தோணி அண்ணன்?"

அதுவரைக்கும் எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. அந்தோணி போனதும் இதே ரோடு.

"அண்ணே, ஐயாகிட்ட சொல்லாதீங்க" என்று கருப்பையா என் கையைப் பிடித்தான். "நான் பத்துச்சீட்டு வாங்கிக்கிட்டுப் போயிர்றேன். அந்த மனுசன் தாங்கமாட்டாரு. சொல்லாதீங்கண்ணே."

"பைத்தியக்காரா! நீ போயிருவே, நாளைக்கு இன்னொருத்தன் சாமான் ஏத்திக்கிட்டு எறங்குவான். அவன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று அவனைத் திட்டினேன். திட்டினேனே தவிர, எப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. வண்டியை மெல்லத் திருப்பிக்கொண்டு கராஜுக்கு ஏறி வந்தோம்.

ஐயாவின் அறைக்குள் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தோணி பெயரை எடுக்கவில்லை. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். "கீழன்னா கீழ் கியருய்யா. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பய தப்ப மறைக்க உங்ககிட்ட கதை விடுறான்" என்றார்.

"வேற டிரைவரைக் கேட்டுப் பாருங்கய்யா" என்றேன்.

வெளியே தேயிலைக் கொழுந்து லொறி டிரைவர் ஒருவர் நின்றிருந்தார், தலை நரைத்தவர். ஐயா அவரைக் கூப்பிட்டு, "எறக்கத்துல என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

"கீழங்கய்யா."

"கையால காட்டுங்க."

அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே, இல்லாத லீவரைப் பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்துக் காட்டினார்.

ஐயா முற்றத்துக்கு வந்தார். அங்கே நின்ற டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஒருத்தர் விடாமல் கை வயிற்றுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் டிரில் செய்வது மாதிரி எல்லோரும் ஒரே மாதிரி இழுத்தார்கள். நானும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேரும் தினமும் மலை இறங்கிப் போய் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார்களே என்று அன்று ஆடிப்போனேன்.

கருப்பையாவுக்குப் பத்துச்சீட்டு வரவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐயாவே தொரையிடம் போய் இது பையன் தப்பில்லை என்று பேசினார். அடுத்த நாளிலிருந்து கேட்டில் மேல, கீழ என்ற பேச்சே எழவில்லை. "வட்டவளை எறக்கம்?" என்று ஐயா கேட்பார், டிரைவர் "ரெண்டு!" என்று உரக்கச் சொன்னால்தான் கேட் திறக்கும். பங்களா வேன் இலங்கையைச் சுற்றி வந்தது, இரண்டாம் கியரில் ஒரு பல்லும் போகவில்லை.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. டிரைவர்களை அனுப்பிவிட்டு ஐயா என்னைப் பார்த்து, "ராமையா, சாவிப்பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். கராஜுக்குப் பின்னால் நடந்தார். சவுக்கு மரத்தடியில் அந்தோணியின் லொறி கிடந்தது. அதுவரை பிரேக்கைத் தவிர அதில் எதையும் யாரும் திறந்ததில்லை.

நான் கழற்றுகிறேன் என்றேன், விடவில்லை. கஞ்சி போட்ட சட்டையோடு துருவுக்குள் மண்டியிட்டார். போல்ட் அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, மறுபடி ஊற்றி ஒவ்வொன்றாக எடுத்தார். மூடியைத் தூக்கினோம். பழைய எண்ணெய் தார் மாதிரி உறைந்திருந்தது. அவர் விரலை உள்ளே விட்டுத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பார்க்கவே தேவையில்லை, என் விரலுக்கு அது நன்றாகத் தெரிந்த இடம். இரண்டாம் கியர். பல் என்று ஒன்றும் மிச்சமில்லை, மொட்டையாக வழித்துவிட்ட மாதிரி இருந்தது. லீவரைப் பார்த்தேன். இடப்பக்கம், கீழே.

அவன் முதலில் நாலுக்கு இழுத்திருக்கிறான். நிற்கவில்லை. பிறகு இன்னொரு கீழைத் தேடி இதில் போட்டிருக்கிறான். அந்தப் பாரத்துக்கு இந்தப் பற்கள் தாங்கவில்லை.

ஐயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய், துடைக்கவும் இல்லை. பிறகு தம்பியின் பெயரைச் சொன்னார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"அந்தோணி கேக்கலன்னுல்ல நெனைச்சேன், ராமையா. சொல்லியும் கேக்காம செத்தான்னு அவன் குழிப்பக்கம்கூட நான் போகல." கறுப்புக் கையை விரித்துப் பார்த்தார். "கேட்டிருக்கான்யா. நான் சொன்னதத்தான் கடைசிவரைக்கும் கேட்டிருக்கான்."